இல்லாத வயலுக்கு மன்னிப்புக் கேட்க வைத்தவனுக்கு

மகனே,

நலம் விசாரித்து இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். கே.கே. நகர் வீட்டில் தண்ணீர் வருகிறது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஓடுகிறது, நான் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் "மீட்டிங் இருக்குப்பா, அப்பறம் பேசுறேன்" என்று போனை வைக்கும் அளவுக்கு வேலையும் இருக்கிறது. போனில் பேசினால் வைத்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். அதை உன் வீட்டுக்கு அனுப்பாமல் பத்திரிகைக்கு அனுப்புவதற்கும் காரணம் இருக்கிறது. என் பேத்தியை வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்து, "நான் பொய் சொன்னேன், மன்னிச்சிருங்க" என்று சொல்ல வைத்தாய். ஏழு வயதுப் பிள்ளையை ஊர் பார்க்க நிறுத்தலாம் என்றால், நாற்பதை நெருங்கும் உன்னையும் நிறுத்தலாம். உன் பெயரை எழுதவில்லை. பள்ளியின் பெயரை எழுதவில்லை. பேத்தியையும் வீட்டில் கூப்பிடுவதுபோல் பாப்பா என்றே எழுதுகிறேன். அந்த மரியாதை போதும்.

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நீ அப்படி இல்லை, இப்படி என்று பேசக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தன் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். பாப்பா எழுந்து பேசியிருக்கிறாள். எங்களுக்கு ஒரு வயல் இருக்கிறது, அதில் ஒரு கிணறு இருக்கிறது, வெயில் தாங்காத நாளில் ஆனைமலை எழுந்து நடந்து வந்து அந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும், வயலுக்குள் ஒரு ரயில் உண்டு, வரப்பு வந்தால் அது காலைத் தூக்கித் தாண்டிவிடும் என்று சொல்லியிருக்கிறாள். ஒத்தக்கடையில் நம் வீட்டு மாடியில் நின்றால் ஆனைமலை யானை மாதிரியே படுத்துக் கிடப்பது முழுதாகத் தெரியும். அவ்வளவு பெரிய யானையை அத்தனை பக்கத்தில் பார்த்துவிட்டு, இதற்குத் தாகம் எடுக்காதா என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றவில்லை என்றால் அப்போதுதான் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஒரு பையன், "நெசமாவா?" என்று கேட்டிருக்கிறான். பாப்பா, "நெசமாத்தான். வேணும்னா எங்க அப்பாகிட்டக் கேட்டுப் பாரு" என்றிருக்கிறாள்.

உன்னைச் சாட்சிக்கு அழைத்தாள். நீயும் போனாய். போய், எங்களுக்கு வயலும் இல்லை கிணறும் இல்லை, இதெல்லாம் எங்க அப்பா சொல்லிக் கொடுக்கிற கதை என்று தலைமை ஆசிரியை அறையில் உட்கார்ந்து சொன்னாய். பொய் சொல்கிற பழக்கத்தை இப்போதே திருத்த வேண்டும், வகுப்பில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று அந்த அம்மாள் சொன்னபோது, "சரிங்க மேடம்" என்றாய். அவள் மன்னிப்புக் கேட்கும்போது கதவோரம் நின்றுகொண்டிருந்தாய். இதை எனக்குச் சொன்னவள் உன் மனைவி. அவளிடம் போய்க் கோபித்துக்கொள்ளாதே. "அவ அழவே இல்ல மாமா, அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லி அழுதவள் அவள்தான்.

அதற்குப் பிறகு நீ எனக்குப் போன் செய்தாய். அன்று மட்டும் மீட்டிங் இல்லை.

"நீங்கதாம்ப்பா அவ மனசுல இதெல்லாம் ஏத்தி விடுறீங்க. இப்ப எங்கிட்ட வந்து, வயல் இருக்கா இல்லையாப்பான்னு நச்சு நச்சுன்னு கேக்குறா. ஞாயித்துக்கிழமை வாங்க. வந்து உக்கார வச்சு, வயலும் இல்ல ஒண்ணும் இல்ல, தாத்தா சும்மா சொன்னேன்னு ஒங்க வாயால சொல்லிருங்க."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி கொஞ்ச நாளைக்கு அவள அங்க அனுப்புறதா இல்லப்பா."

உன் அம்மா பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ வைத்ததும், "போயி அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டு வந்துருங்களேன். ஒங்க வீம்புக்கு நான் பிள்ளையப் பாக்காம கெடக்கணுமா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துவிடக்கூட வாரம் முழுக்கக் காத்திருந்து பாப்பாவிடம்தான் காலை நீட்டுவாள். அப்படியிருந்தும் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். காரணத்தை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். தெரிந்துகொண்டே தெரியாதவன்போல் நடந்ததால் மறுபடி கேள்.

என் அய்யாவுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. அவருடைய அய்யாவுக்கும் கிடையாது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. அதை நட எங்கள் கை வேண்டும், களை எடுக்க எங்கள் முதுகு வேண்டும், ஆனால் வேலை முடிந்து அதே வரப்பில் நாங்கள் உட்கார்ந்தால் ஆகாது. அந்த ஊரைப் பற்றிச் சிலர் கண்ணில் நீர் ததும்ப எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்கு அந்த ஊர் மேல் ஓர் ஏக்கமும் இல்லை. பொழுது சாய்ந்து கஞ்சிக்கு உட்காரும்போது அய்யா கேட்ட ஒரு கேள்வியை மட்டும்தான் அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். "ஒன் வயல்ல இன்னைக்கு என்ன சோலி?" என்று எங்கள் மூன்று பேரையும் ஆளுக்கொரு தடவை கேட்பார். அண்ணனுக்கு ஒரு வயல், எனக்கு ஒரு வயல், தங்கச்சிக்கு ஒரு வயல். மூன்றும் எங்கள் தலைக்குள்தான் இருந்தன. அன்றைக்குச் செய்த வேலையைச் சொன்னால்தான் துவையல் நகர்ந்து வரும்.

வாய்க்கு வந்ததை அளந்துவிட முடியாது. நேற்று விதைத்ததை இன்று அறுத்தேன் என்றால் அய்யா கஞ்சியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "நெல்லு என்ன ஒன் மாமன் மகளாடா, கூப்ட ஒடனே வாரதுக்கு?" என்பார். மறுபடி போய் நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, காத்திருந்துதான் அறுக்க வேண்டும். இருக்கிற யாருடைய வயலையும் காட்டி என்னுடையது என்று சொல்லக் கூடாது. மற்றபடி வயலில் யானை கட்டலாம், மயில் வளர்க்கலாம், வானவில்லை இழுத்து வந்து வேலி போடலாம், அது அவரவர் சாமர்த்தியம். அண்ணன் வயல் மேலே, என் வயல் நடுவில், தங்கச்சி வயல் கடைசியில் என்று அய்யாவே வைத்தார். கண்மாயிலிருந்து வரும் தண்ணீர் அண்ணனைத் தாண்டித்தான் எங்களுக்கு வர வேண்டும். ஒரு கோடையில் அண்ணன் தன் மடையை அடைத்துவிட்டான். தங்கச்சியின் நாற்று காய்கிறது. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஒரே பாயில் முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கிறார்கள். "இல்லாத தண்ணிக்கு இம்புட்டுச் சண்டையா? கோட்டி பிடிச்ச குடும்பம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அய்யா சிரிக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "மேல இருக்கவன் கடைசி வயலப் பாத்துட்டுத்தான் மடைய அடைக்கணும். போ, போயித் தொறந்து விட்டுட்டு வா" என்றார். அண்ணன் எழுந்து வாசல் வரைக்கும் போய்க் குனிந்து கையால் எதையோ விலக்கிவிட்டு வந்தான். தங்கச்சி அதற்குப் பிறகுதான் கஞ்சியில் கை வைத்தாள்.

நமக்குத்தான் வயலே இல்லையே, தினமும் எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "இல்லாததுனாலதான்டா கேக்குறேன். இருக்கவன் எதுக்குக் கேக்கப் போறான்?" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை. பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்து, மோட்டார் காயில் கட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பொட்டலம் கட்டிய காகிதங்களை எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகு நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து, நாலு விஷயம் தெரிந்த பின்னால்தான் விளங்கியது. நிலம் உள்ளவர்கள் எங்களுக்கு எட்டாத உயரத்தில் எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். அது எங்களுக்கு ஆகாது என்று எங்களையே நம்பவைப்பதுதான் அவர்களுடைய மிச்ச வேலை. அந்த மிச்ச வேலையை அய்யா நடக்கவிடவில்லை.

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாகப் படி. உன் அத்தை, அதாவது என் தங்கச்சி, சிறு பிள்ளையாக இருந்தபோது அய்யாவுக்குக் கஞ்சி கொண்டுபோன இடத்தில், கூட வந்த பிள்ளையிடம், "எங்க வயல்ல நாளைக்கு அறுப்பு" என்று சொல்லியிருக்கிறாள். வயல்காரர் காதில் விழுந்துவிட்டது. "எந்த வயலு ஒங்க வயலு? காட்டு பாப்பம்" என்று கேட்டார். அவள் அய்யாவைப் பார்த்தாள். "ஏன்டா, யாரக் கேட்டு ஒன் மக வயலு வச்சிருக்கா?" என்று அய்யாவிடம் திரும்பினார். அய்யா துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, "சின்னப்பிள்ள வெளாட்டுங்க" என்றார். "வெளாட்டுக்குக்கூட வயலு கேக்குதோ" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அங்கேதான் நின்றேன். அன்று சாயங்காலம் அம்மா கஞ்சியை ஊற்றி வைத்தாள். தங்கச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குக் கேட்க மாட்டார், இனிமேல் எப்போதும் கேட்க மாட்டார் என்று நினைத்தேன். அய்யா கஞ்சியில் கை வைக்காமல், "ஏத்தா, நாளைக்கு அறுப்புன்னியே, அருவாளத் தீட்டியாச்சா?" என்றார். அவள் முதலில் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "தீட்டியாச்சுய்யா" என்றாள்.

அவர் குனிந்தார். இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். குனியாவிட்டால் மறுநாள் அடுப்பு எரியாது. ஆனால் வெளியில் குனிந்தவர் வீட்டுக்குள் வந்து மகளின் வயலைப் பறிக்கவில்லை. உனக்கு யாரும் அடுப்பை அணைக்கப் போவதில்லை. ஏசி அறையில் நாற்காலி போட்டு, காபி கொடுத்துக் கேட்டார்கள். நீ குனிந்ததோடு நிற்காமல் பிள்ளையையும் இழுத்து வந்து குனிய வைத்தாய். அந்த வயல்காரர்கூட என் தங்கச்சியை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை.

கதை சோறு போடுமா என்று போனில் கேட்டாயே, அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். உன் அத்தைக்கு இன்றுவரை நிலம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஆனால் பழங்காநத்தத்தில் அவள் குடியிருக்கும் சந்தில் போய்க் கேட்டுப் பார். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் முதல் வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சினால், கடைசி வீட்டில் குடம் காய்ந்து கிடக்கும். இவள் வீடு இரண்டாவது. இவளுக்குத் தண்ணீர் வந்துவிடும். ஆனாலும் போய் நின்று, "அண்ணே, மோட்டார நிறுத்துங்க, கடைசி வீட்ல பச்ச ஒடம்புக்காரி இருக்கா" என்பாள். "ஒனக்குத்தான் வருதுல்ல, பொத்திக்கிட்டுப் போ" என்றால், "எனக்குக் கீழ ஆள் இருக்குண்ணே" என்பாள். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்? இல்லாத வயலில், இல்லாத தண்ணீருக்குச் சண்டை போட்டுப் படித்தாள்.

சரி, உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நான்தான் பாப்பாவின் மனதில் ஏற்றிவிட்டேன் என்றாய். நீ போனில் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாப்பாவிடம் நான் வயலைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், "இந்தப் பழங்கதையெல்லாம் அவகிட்ட வேணாம்ப்பா" என்று நீ சொல்லிவிட்டாய். அப்போது எனக்கு வந்த கோபத்தில் வயல் கதையையும் சேர்த்து மூடிக்கொண்டேன். பிறகு யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆனைமலை அவளாகக் கண்டுபிடித்ததாக இருக்கும். ஆனால் ரயில்? வரப்பைக் கண்டால் காலைத் தூக்கும் ரயில்?

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது, மோட்டார் கடைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருப்பாய். அய்யா கேட்டதை நான் உன்னிடம் கேட்பேன். ஒருநாள், வயலுக்குள் ரயில் வந்துவிட்டது என்றாய். நடவு வயலுக்குள் ரயில் விட்டால் வரப்பு என்ன ஆகும் என்று அதட்டினேன். நீ, "ஒண்ணும் ஆகாதுப்பா. வரப்பு வந்தா ரயிலு காலத் தூக்கிக்கிரும்" என்றாய். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் வயலுக்குள் ரயில் கொண்டு வந்ததில்லை. அன்று கடையில் வேலை ஓடவில்லை எனக்கு. வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

உன் மனைவியிடம் பாப்பாவைப் பேசச் சொன்னேன். வீடியோவில் வந்தாள். நான் கேட்பதற்கு முன்பே, "தாத்தா, நான் இனிமே பொய் சொல்ல மாட்டேன். சாரி சொல்லிட்டேன்" என்றாள். "அது கெடக்கட்டும்மா. அந்த ரயிலப் பத்தி ஒனக்கு யாரு சொன்னா?" என்றேன். திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது அப்பா வயல்ல இருந்த ரயிலு தாத்தா. அப்பா எனக்குக் குடுத்துட்டாங்க" என்றாள். குளித்து வந்ததும் தலை துவட்டிவிடும்போது நீ கேட்பாயாம், "ஒன் வயல்ல இன்னைக்கு என்ன சோலி?" என்று. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். எப்பவுமே என்றாள்.

எனக்குத் தெரியாமல், உன் மனைவிக்கும் தெரியாமல், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அந்தக் கேள்வியை நீ கேட்டிருக்கிறாய். இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு நிமிடம் பட்டேன். மறு நிமிடமே உறைத்தது. நீயே கொடுத்திருக்கிறாய். நீ கொடுத்ததை நம்பித்தான் எங்க அப்பாகிட்டக் கேளு என்றாள். நீ போய், அது என் அப்பா சொன்ன பொய் என்றாய். மன்னிப்புக் கேட்க வைத்தது பெரிய தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அவள் கதவோரம் நின்ற உன்னைப் பார்த்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டாளே, அப்போது நீ வாயைத் திறக்காமல் நின்றது. இனிமேல் அவள் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள்?

உன் பயம் எனக்குத் தெரியாதது அல்ல. பாப்பா வகுப்பில் சொன்னதைத் தெரிந்துகொண்டு, பெற்றோர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒருவர், "உங்களுக்கு நிலம் எந்த ஊர்ல சார்? எந்த வகையறா?" என்று கேட்டாராம். அது நிலத்தைக் கேட்கும் கேள்வி அல்ல. எங்கே வைப்பது உன்னை என்று கேட்கும் கேள்வி. அதே கேள்வியை எத்தனை தேநீர்க் கடையில், எத்தனை கிணற்று மேட்டில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்று உனக்குச் சொல்லி மாளாது. எங்களுக்கு நிலம் கிடையாது, எங்க தாத்தா கூலிக்கு நட்டவர், அவர் பேரன் நான், இந்த வீட்டில் இருக்கிறேன் என்று பதில் எழுத உனக்குக் கை வரவில்லை. வராமல் போகட்டும், அது உன் பாடு. ஆனால் அவன் கேட்டது உன்னை. பதில் சொல்ல வேண்டியவன் நீ. உனக்குப் பதிலாக ஏழு வயதுப் பிள்ளையை அனுப்பி, பொய் சொன்னேன் என்று சொல்ல வைத்தாய். வயல் இல்லை என்பதற்காக நீ வெட்கப்படவில்லை, வயல் ஏன் இல்லை என்பது வெளியே தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டாய். அந்த வெட்கம் நம்முடையதே அல்ல. நிலத்தை வைத்துக்கொண்டு வரப்பில் உட்காரவிடாதவன் பட வேண்டியது. அதை நீ எடுத்து உன் மகளின் தலையில் வைத்தாய்.

இது அச்சில் வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் அம்மாவும் வருகிறாள், பாப்பாவுக்குப் பிடித்த நாட்டுக்கோழிக் குழம்பை ஒத்தக்கடையிலிருந்தே தூக்கிக்கொண்டு. நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல மாட்டேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, உன் எதிரிலேயே பாப்பாவிடம் கேட்பேன், இன்றைக்கு வயலில் என்ன சோலி என்று. அவள் எனக்குப் பதில் சொல்ல மாட்டாள். உன் முகத்தைப் பார்ப்பாள். அந்த நேரத்தில், "நான்தாம்மா குடுத்தேன், நீ பொய் சொல்லல" என்று நீ சொல்ல வேண்டும். அடுத்து பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொல்ல வேண்டும், அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால். பாப்பாவை அனுப்ப மாட்டேன் என்று மிரட்டினாயே, நானும் ஒன்று சொல்கிறேன். நீ அந்த வார்த்தையைச் சொல்கிற வரைக்கும் நான் உன் வீட்டுச் சோற்றில் கை வைக்க மாட்டேன். குழம்பு ஆறுகிறது என்று உன் அம்மா என்னைத் திட்டுவாள். ஆறட்டும்.

உன் அப்பா